மலை சைக்கிளுக்கு ஒரு வழிகாட்டிப் பெட்டி

எனக்குப் பெண் பார்த்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்து முடிக்க மூன்று மாதமானது. இரண்டில் எது சரியாக அமைந்தது என்று வீட்டில் நான் கேட்பதில்லை. பதில் சொல்லப்போவது மனைவி.

பெட்டி வாங்கக் காரணம் இருந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு ஞாயிறு பிளவக்கல் அணைப் பக்கம் தனியாகப் போய், தென்னந்தோப்புகளுக்குள் வழி தவறி, ஒரே பம்புசெட்டை நான்கு முறை சுற்றிவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன். அன்று காலை பத்து மணிக்கு மைத்துனன் மகளுக்குக் காதுகுத்து. குடும்பப் படத்தில் என் இடத்தில் ஒரு வாழைமரம் நிற்கிறது. மனைவி சத்தம் போடவில்லை.

"இன்னொருக்க வழி தெரியாம நின்னீகன்னா, சைக்கிளு என் தம்பி வீட்டுக்குப் போயிரும். அவனாவது பால் வாங்க ஓட்டுவான்."

வெறும் மிரட்டல் இல்லை. மைத்துனன் அதில் ஏற்கெனவே ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறான். மணி இல்லை என்பதுதான் அவன் கண்ட ஒரே குறை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களாக ஒன்பது தொப்பைகள். எல்லோரிடமும் மலை சைக்கிள் உண்டு. மலைதான் கிடையாது, அது வனத்துறையிடம் இருக்கிறது. புலிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் எங்களை விடமாட்டார்கள். புலிகளின் மனநிலையை எண்ணினால் நியாயம்தான். ஆகவே அத்தனை கியரையும் வைத்துக்கொண்டு அடிவாரத் தோப்புப் பாதைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் உருண்டுகொண்டிருக்கிறோம்.

குழுவின் நிபுணர், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறிகள் வைத்திருக்கும் நண்பர். டீக்கடையில் அவர் கருத்துச் சொன்னார்.

"தொடுதிரை வேண்டாண்ணே. வேர்த்த விரலு பட்டா இமயமலையக் காட்டும். பட்டன் வச்சதா வாங்குங்க."

அடுத்த ஞாயிறு அவரே, "பட்டனா? என்ன, ரேடியோவா வாங்கப்போறீக?" என்றார்.

நான் இரண்டையும் குறித்துக்கொண்டேன். பிறகு மதிப்புரைகளில் இறங்கினேன். பனியில் சைக்கிள் விடும் ஒரு வெள்ளைக்காரர், தடித்த கம்பளிக் கையுறையோடும் பட்டனை அழுத்த முடிகிறது என்று வீடியோவில் நெகிழ்ந்தார். பங்குனியில் மின்விசிறி அனல்காற்று வீசும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, நான் அதை இரண்டு நாள் தீவிரமாக யோசித்தேன். ஒரு கருவி, வரப்போகும் ஏற்றத்தை முன்கூட்டியே எச்சரிக்குமாம். அதை என் முழங்கால் முந்தின நாளே சொல்லிவிடும். இன்னொன்றின் பேட்டரி இரண்டு நாள் தாங்குமாம். நான் இரண்டு மணி நேரம் தாங்குவேன், நடுவில் இட்லி கிடைத்தால்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கள் தோப்புப் பாதைகள் அதன் வரைபடத்தில் இருக்க வேண்டும். அதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. பெட்டி வந்தது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே பச்சை நிறம், ஒரு ஓடை, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"படம் எதுக்குண்ணே? நான் போன பாதைய அனுப்புறேன், பெட்டியில ஏத்துங்க. நீலக்கோடு வரும். அணையில இருந்து அதுமேலயே வந்தா வீடு வந்துரும்" என்றார் நிபுணர்.

ஞாயிறு காலை, எட்டரைக்குத் திரும்பிவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"இதுக்கு நம்ம வீடு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஒங்களவிட இது தேவல."

அணையிலிருந்து கொஞ்ச தூரம் கோடு ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு சட்டென்று ஒரு தோப்புக்குள் திரும்பியது. புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்த பெண் வண்டியை நிறுத்தினார்.

"என்ன சார், தோப்புக்குள்ள போறீக? ரோடு நேரால்ல கெடக்கு."

"மிஷின் இப்படித்தாம்மா காட்டுது."

"அது எந்த ஊரு மிஷினு?"

"வெளிநாடு."

"நாயி உள்ளூருதான். பாத்துப் போங்க."

நாய் உண்மையிலேயே உள்ளூர்தான். கோடு பம்புசெட் அறை வரை போய், ஒரு வட்டம் அடித்து, வந்த வழியே திரும்பியது. அடுத்த தோப்பிலும் அதே கூத்து. மூன்றாவது தோப்பில் நின்று நிபுணருக்குப் போன் போட்டேன்.

"அதுவாண்ணே? மொதத் தோப்பு எங்க சின்ன மாமாது. அந்தப் பக்கம் போயிட்டு எட்டிப்பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்? செத்த நேரம் உக்காந்து காப்பி குடிச்சேன். ரெண்டாவது அத்தை வீட்டுது, அங்க எளநி."

"அப்பப் பதிவ நிறுத்தியிருக்கலாம்ல?"

"காப்பி குடுக்கையில மிஷின நோண்டிக்கிட்டு இருந்தா அவிய என்ன நெனப்பாக?"

புத்தியுள்ளவன் அங்கேயே தார்ச்சாலைக்குத் திரும்பியிருப்பான். நானும் திரும்பினேன். பெட்டி கீச்சென்று கத்தி, சிவப்பில் எழுதியது: பாதை தவறிவிட்டீர்கள். இனி எனக்கு நேராது என்று வீட்டில் வாக்குக் கொடுத்தது அதைத்தானே! மறுபடி கோட்டில் ஏறினேன். மணி ஒன்பது.

அதன்பின் ஓரிடத்திலும் விலகவில்லை. கோடு வழியிலுள்ள சுந்தரபாண்டியம் ஊருக்குள் நுழைந்தது. எனக்குப் பழக்கமான தெரு. பழக்கமான இரும்புக் கதவு. திரையில் ஒரு கொடி பறந்தது: பயணம் நிறைவு.

கதவுக்குப் பின்னால், வாயில் பிரஷ்ஷோடு, மைத்துனன்.

"வாங்கத்தான்! சைக்கிள நீங்களே கொண்டாந்துட்டீகளா? நானே வந்து எடுத்துக்கிடலாம்னு இருந்தேன்."

நிபுணர் அவனோடு பள்ளியில் படித்தவராம். கடைசிக் காப்பி இங்கேதானாம். வெயில் ஏறிவிட்டதால் சைக்கிளை வேனில் ஏற்றி, இங்கிருந்தே ராஜபாளையம் போய்விட்டாராம். இதைச் சொல்லிக்கொண்டே மைத்துனன் அக்காவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான்.

"வழி தவறல. மிஷின்லயே இருக்கு. கோட்ட விட்டு வெலகவே இல்ல" என்றேன்.

"எங்க நிக்கீக?"

"ஒந் தம்பி வீட்டு வாசல்ல."

"எங்க வரணும்னு கெளம்புனீக?"

"நம்ம வீட்டுக்கு."

"சரி. காப்பியக் குடிச்சிட்டு, சைக்கிள உள்ள ஏத்தி வச்சிட்டு, பஸ்ல வாங்க."

பெட்டியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பதிவை நிறுத்தவில்லை. மைத்துனன் காப்பி நீட்டும்போது அதை நோண்டினால் என்ன நினைப்பான்?

கிருஷ்ணன்கோவிலில் நெடுஞ்சாலையைப் பிடிக்கும் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்ததும் பெட்டி கொண்டாட்டமாகக் கூவியது. இதுவரை நான் எட்டியதிலேயே அதிகமான வேகமாம். என்னைக் கேட்காமலேயே அந்தச் செய்தியைக் குழுவுக்கும் அனுப்பிவைத்தது. முதல் பாராட்டு நிபுணரிடமிருந்து.

"அண்ணே, கிருஷ்ணன்கோவில் தாண்டினதும் பிச்சு ஒதறிட்டீக!"