ஐஸ் போடாத வைன்

டென்மார்க், டோஸ்ட்ருப். விருந்துக்கு அழைத்த அன்ரன் அண்ணையின் சாப்பாட்டு மேசையில், நான் வாங்கிவந்த மலிவான பிரெஞ்சுச் சிவப்பு வைனைத் திறந்துவைத்து, யாரும் கேட்காத விரிவுரையை நிகழ்த்துகிறேன்.

"போர்தோ ஊர் வைன் கொஞ்சம் விறைப்பான ஆள், அண்ணே. இது தெற்கு பிரான்ஸ்ல ரோன் ஆத்தங்கரை வைன். பல திராட்சை சேர்ந்தது. அந்த ஊர் வெயிலும் மிளகும் நாக்குல தெரியும்."

அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஐஸ் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துகிறார். "ஓம். ஐஸ் போடவோ?"

"வைன்லயா? பிரெஞ்சுக்காரன் செத்துடுவான்!"

"அப்ப கறியைச் சாப்பிட்டுப் பாருங்கோ."

ஆட்டிறைச்சிக் கறியில் ஒரே வாய். யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் காரம் காது வழியாகப் புகைகிறது. வைனை மடமடவென்று குடிக்கிறேன். எரிச்சல் இன்னும் ஏறுகிறது.

"இப்ப என்ன தெரியுது? வெய்யிலோ, மிளகோ?"

கோப்பையை ஐஸ் கிண்ணத்தின் பக்கம் நீட்டுகிறேன்.