ஏணியில் உட்கார்ந்து கேட்ட ஜாஸ்

ஊரில் பாதி ஜன்னல்களுக்குத் திரை தைத்துப் போட்டவர் என்பதால் அவருக்குத் திரைக்காரம்மா என்றே பெயர். கணவர் இறந்த பிறகு தையல் மெஷினும் மகளும்தான் உலகம். பாட்டு கேட்க நேரமுமில்லை, மனசுமில்லை.

ஒரு உணவு விடுதிக்குக் கனத்த வெல்வெட் திரை தைத்துக் கொடுத்தார். மறுநாளே மேலாளர் போன் செய்துவிட்டார். சாயங்காலம் அங்கே ஜாஸ் வாசிக்கும் குழு தகராறு பண்ணுகிறதாம். திரை வந்ததிலிருந்து வாசிப்பதெல்லாம் போர்வைக்குள் முனகுவதுபோல் கேட்கிறதாம்.

சரிசெய்ய வேண்டுமானால் கேட்டாக வேண்டுமே. சாயங்காலம் அங்கே போய், திரையைக் கழற்றிவிட்டு ஏணிமேலேயே உட்கார்ந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சாக்ஸபோன் அவசரமே இல்லாமல் இழுத்தது. எதிர்க் கட்டிடத்தில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிந்தது. சாக்ஸபோனுக்கு அடியில், டபுள் பேஸ் என்ற ஆளுயர வயலின், வேலை முடிந்து கைவீசி வீட்டுக்கு நடப்பவனைப்போல் நிதானமாக அடிவைத்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

பேஸ் வாசித்தவர் பகலில் தபால்காரர். தனிக்கட்டை, பேச்சே அபூர்வம். திரைக்காரம்மா இறங்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டார்.

"பொழுது சாயறதுக்கும் ஒரு சத்தம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் திரைக்காரம்மா.

மெல்லிய துணியில் புதுத் திரை தைத்து மாட்டினார். வேலை முடிந்தது. ஆனாலும் கொக்கி சரியில்லை, ஓரம் தொங்குகிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி மறுபடி போனார். மேலாளர் கண்டும் காணாததுபோல் இருந்தார். மகள் விடவில்லை.

"அம்மா, அந்தத் திரையில தைக்க இன்னும் என்னதான் மிச்சமிருக்கு?"

அம்மா தலை நிமிராமல், நூல் கோர்க்காத ஊசியால் தைக்க ஆரம்பித்தார். மகளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் கூடவே போய், தபால்காரரை மேலும் கீழும் பார்த்தாள். இடைவேளையில் நேரே அவரிடம் போனாள்.

"எங்கம்மாவைக் கட்டிக்கிறீங்களா, இல்ல அவங்க காலம் பூரா கொக்கி மாட்டிக்கிட்டே இருக்கணுமா?"

டிரம்ஸ்காரர் குச்சியை நழுவவிட்டார். தபால்காரருக்குக் காது சிவந்தது.

"நானும் கேக்கலாம்னுதான் இருந்தேன். அவங்க ஏணியை விட்டு இறங்கினாத்தானே" என்றார்.

மறுமாதமே பதிவுத் திருமணம். பேஸைத் திரைக்காரம்மா வீட்டுக்குப் படியேற்றியபோது, புது பீரோ வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப்பார்த்தார்கள். அவர் வாசிக்கத் தொடங்கியதும் வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் இருட்டினால் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. மேல்வீட்டு டாக்சிக்காரர் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.