சிவரஞ்சனியின் சிலிண்டர் கிடங்கு

2019ஆம் ஆண்டு ஐப்பசி மழையில்தான் சிவரஞ்சனியை முதன்முதலாகக் கண்டேன். ஆலங்குடியில் எங்கள் கடலை மண்டியை மூடியபின் காலியாகக் கிடந்த கிடங்கை வாடகைக்குக் கேட்டு வந்திருந்தாள். திருவரங்குளம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

"என்ன வச்சு விக்கப் போற?"

"கடலுக்கடியில மூச்சு விடுற சாமான், ஆச்சி. மொத்த வியாபாரம்."

"ஆலங்குடியில யாரம்மா கடலுக்குள்ள இறங்குறா?"

"இங்கிட்டு யாரும் வாங்க மாட்டாங்க. ராமேஸ்வரம், பாண்டிச்சேரி, அந்தமான்னு லாரியில போயிரும். மெட்ராஸ்ல ஒரு ரூம் பிடிக்கிற வாடகைக்கு இங்க கெடங்கே கெடைக்குதுல்ல."

அவள் கணவன் அய்யப்பன் மஸ்கட்டில் முக்குளிப்புப் பள்ளி ஒன்றில் வேலை செய்தான். சரக்கு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்பதை அவன் சொல்வான். மற்றவை அனைத்தும் அவள் பொறுப்பு. மண்டி நடந்த நாளெல்லாம் எங்களிடம் மூட்டை தூக்கிய பிச்சையையே உதவிக்கு வைத்துக்கொண்டாள். முதல் பெட்டியைப் பிரித்து, காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புகளை எடுத்தபோது அவர் திகைத்தார்.

"தவளைக்குச் செருப்பு தைச்ச மாதிரில்ல இருக்கு, தாயி."

"ஒங்களுக்கு ஒரு சோடி தாரேண்ணே. மழைக்குப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போங்க."

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில், அந்தமானில் முக்குளிப்புப் பள்ளி நடத்தும் விஸ்வநாதனுக்காக, மூச்சுக்காற்றை அடைத்து முதுகில் மாட்டும் சிலிண்டர்கள் வந்து இறங்கின. அவளுடைய வியாபாரத்தில் பாதி அவரை நம்பியே இருந்தது. ஈரத்தில் துருப்பிடித்துவிடுமோ என்று அஞ்சிய பிச்சை, கடலை மண்டித் தராசுக்குச் செய்ததைப்போலவே, ஒவ்வொரு வால்வின் வாயிலும் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டார்.

சிவரஞ்சனி அதைக் கண்டதும் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தொடச்சாப் போகாதா?" என்று கேட்டேன்.

"உள்ள எறங்கியிருக்கும், ஆச்சி. அவங்க காத்துல ஆக்ஸிஜனக் கூட்டி அடைப்பாங்க. அந்த அழுத்தத்துல எண்ணெய் இருந்தா தீப்பிடிச்சிரும். எல்லா வால்வையும் கழட்டிக் கழுவணும்."

உடனே விஸ்வநாதனைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"சீசன் ஒனக்காக நிக்குமாம்மா? சரி, கழுவியே அனுப்பு. ஆனா அந்த ஆளு கை இனி என் சாமான்ல படக்கூடாது. வேலைய விட்டு அனுப்பிரு அவரை."

"கழுவுறதே அவருதான் சார். அவரு வேணாம்னா, நீங்க வேற எடத்துல பாத்துக்கங்க."

இணைப்பு அறுந்தது. பிச்சை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"எங்க போறீங்க? யாரு கழுவுறது?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

மழை விடும்வரை இருவரும் வால்வுகளைக் கழற்றினார்கள். அதற்குரிய கரைசலில் கழுவினார்கள். ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றினார்கள். அந்தமானிலிருந்து அழைப்பே வரவில்லை. அவள் முகம் வாடியிருந்தது. ஆயினும் பிச்சையிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை.

திருமயம் பக்கத்திலுள்ள தம் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்காக வந்த விஸ்வநாதன், முன்னறிவிப்பின்றி ஒருநாள் கிடங்கின் வாசலில் வந்து நின்றார். சிலிண்டர் ஒன்றைப் புரட்டி வால்வை முகர்ந்தார். இன்னொன்றைக் கழற்றச் சொல்லி, விளக்கடித்து உள்ளே பார்த்தார்.

"எண்ணெய் தடவினது யாரு?"

சிவரஞ்சனி வாய் திறக்குமுன், "நாந்தாங்க. துருப்பிடிச்சிரும்னு பயந்துட்டேன்" என்றார் பிச்சை.

விஸ்வநாதன் லாரிக்குச் சொல்லி அனுப்பினார். சரக்கு ஏற்றத் தொடங்கியதும் பிச்சை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"என்னய்யா, வேடிக்கை பாக்குற? வந்து ஒரு கை பிடி" என்றார் விஸ்வநாதன்.

சென்ற ஆனியில் அவள் வியாபாரத்தைத் தூத்துக்குடிக்கு மாற்றினாள். தன்னோடு வரும்படி அவள் அழைத்தபோது பிச்சை, "ஆச்சியக் கேக்காம வர முடியாது" என்று சொல்லிவிட்டாராம். விடைபெற வந்தவள் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, என் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"வேற ஒண்ணும் வேணாம், ஆச்சி. பிச்சையண்ணன எங்கூட அனுப்பி வைங்க."