செல்வின் மேடையில் பாடாத பாட்டு

மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பேத்தி ஜெனி துறைமுகத்தில் இருந்து போன் செய்தாள். எங்கள் தெருவில் துறைமுக வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். வேலை நேரத்தில் போனைத் தொடமாட்டாள். அன்று தொட்டாள், அழுதாள்.

“ஆச்சி, செல்வின் அண்ணன் போயிட்டாவ. மெட்ராஸ் ஆஸ்பத்திரில. நெஞ்சு வலியாம்.”

அவன் ரசிகர்களான உங்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். கறுப்புச் சட்டையும் கிட்டாருமாக நின்று, உப்பளத்தையும் கடலையும் தூத்துக்குடிப் பேச்சிலேயே ராக் பாட்டாகக் கத்திப் பாடியவன். ‘அவர்’ என்று எழுதச் சொல்கிறாள் ஜெனி. என் அடுப்படியில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவனை எனக்கு அப்படி எழுத வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இது முழுக்க என் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அஞ்சலி செலுத்த மண்டபத்தில் ரசிகர்கள் கூடியபோது நானும் பின்வரிசையில் இருந்தேன். வேம்பாரில் இருந்து வந்த உப்பளத்துக்காரர் ஒருவர், தன் மகள் கல்யாணத்தில் செல்வின் பாடியதைக் கேட்டுச் சமையல்காரர் கரண்டியோடு வந்து ஆடியதைச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். அப்போது ஒருவர் எழுந்தார்.

“எல்லாம் சரி. அவன் பேர் சொல்லுத பாட்டே சங்கு குளிக்காரன் பாட்டுதான். அத ஏன் மேடையில பாடாம விட்டான்? கடல்ல செத்தவன் கதையப் பாடுனா ஏசுவாவன்னு போட் மொதலாளிமாருக்குப் பயந்துட்டான். செத்தவனப் பத்தி இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனா நெசம் அதான்.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. காரணம் தெரிந்த ஒருத்தியாக நான் அங்கே இருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் கடற்கரையில் சங்கு குளிக்கக் கடலடியில் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது அவன் மச்சான்தான், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். அக்காளோ தங்கையோ தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. என் வீட்டுக்காரருக்குக் கயிறு பிடித்தது என் தம்பி. ஒருநாள் கடலடிப் பாறையில் கயிறு சிக்கிக்கொண்டது. உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்திருக்கிறான். அறுந்த முனைதான் மேலே வந்தது, அவர் வரவில்லை.

பல வருடம் கழித்து, யாரோ சொன்ன கதையைக் கேட்டு செல்வின் பாட்டுக் கட்டினான். அதில் மச்சான் கயிற்றைக் கைவிட்டதாக ஒரு வரி வரும். ஆட்டோவில், டீக்கடையில், போனில் எல்லாம் அந்த வரிதான். தம்பியைக் கண்டால் தெருப்பிள்ளைகள் அதைப் பாடின. அவன் வெளியே போவதை விட்டுவிட்டான்.

உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் பழைய கிட்டங்கியில் செல்வினும் கூட்டாளிகளும் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நேரே போய் வாசலில் நின்றேன்.

“ஏலே, நீதான செல்வினு?”

“ஆமா ஆச்சி, உள்ள வாங்க.”

“வரமாட்டேன். எம் புருசனுக்கு ஒப்பாரி வைக்க நான் இருக்கேன். நீ எதுக்குல வைக்க?”

கூட்டாளி ஒருவன் சிரித்துவிட்டான். நான் விடவில்லை. “கயித்த விட்டான்னு பாடுதியே, நீ போட்டுல இருந்தியா?”

செல்வின் ஸ்பீக்கரை அணைத்தான். “கயிறு பிடிச்சவுக இருக்காவளா ஆச்சி?”

“இருக்கான். உம் பாட்டுக்குப் பயந்து வீட்டுக்குள்ள கெடக்கான்.”

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். தம்பி சுவரைப் பார்த்தபடி இருந்தான். செல்வின் எதிரே தரையில் உட்கார்ந்தான். குழம்புச் சட்டியை இறக்கி வைக்கும்போதுதான் தம்பி வாய் திறந்தான். “பாட்டு நல்லாத்தான் இருக்கு. நான் விடல. அவ்வளவுதான்.”

செல்வின் அவன் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போட்டேன்.

கிளம்பும்போது சொன்னான்: “இனிமே மேடையில அதப் பாட மாட்டேன் ஆச்சி.”

“வரிய மட்டும் மாத்திப் பாடேன்.”

“மாத்துனா ஏன்னு கேப்பாவ. பெறவு கேமராவத் தூக்கிக்கிட்டு இங்கன வந்து நிப்பாவ.”

“பாடலைன்னாலும் கேப்பாவள்லா?”

“தொண்ட சரியில்லம்பேன்.”

“நெதமுமா?”

“நான் கத்திப் பாடுத பாட்டுக்குத் தொண்ட நெதமும் சரியில்லாமத்தான் இருக்கும்.”

அடுத்த வருடம் மைதானத்தில் பாடினான். தம்பியை வம்படியாக இழுத்துக்கொண்டு போயிருந்தேன். கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தியது. “பயந்தாங்கொள்ளி” என்றார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவன் தோளில் பட்டது. குனிந்து எடுத்தான், மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தான், கூட்டம் கத்தி ஓயும்வரை நின்றான். பிறகு வேறு பாட்டைத் தொடங்கினான். தம்பி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடாமலே டீக்கடைக்குப் போக ஆரம்பித்தான்.

பாட்டு அடங்கியதும் தெருவும் அடங்கிவிட்டது. “போதும் மக்கா, இனி நெசத்தச் சொல்லிரு” என்று செல்வினிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மைதானத்துக்குப் பிறகு ஏழு வருடம் போயும் சொல்லவில்லை. எங்கள் வீடு நிம்மதியாக இருந்தது, அவன் பேர்தான் கெட்டது. இந்தக் குறை என்னுடையது.

மண்டபத்தில் நடந்ததைத் தம்பியிடம் சொன்னேன்.

“நீ ஏன் எந்திரிச்சுச் சொல்லல?”

“உன் பேரு வெளிய வரும்லா.”

“வரட்டும். எனக்காண்டி இருக்குத வரைக்கும் ஏச்சு வாங்குனான். செத்தும் வாங்கணுமாக்கும்? எழுது. எம் பேரப் போட்டு எழுது.”

என் தம்பி பேர் சூசை. கயிறு பிடித்தது அவன், விடவில்லை. செல்வினும் யாருக்கும் பயந்து நிறுத்தவில்லை. அந்தப் பாட்டைப் பாடுவதானால் இனி இதைத் தெரிந்துகொண்டு பாடுங்கள்.

அவன் கையெழுத்துப் போட்ட சட்டையை வைத்திருப்பதாக ஒரு பிள்ளை மண்டபத்தில் காட்டினாள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. என் தம்பி தலை நிமிர்ந்து தெருவில் நடந்த ஏழு வருடம் இருக்கிறது. அது செல்வின் கொடுத்தது.