பெர்பெத்துவாவின் வாளில் இருந்தது நாய் அல்ல

நாய்கள் மீது எங்கள் ஊருக்கு எந்தப் பகையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் சந்தையில் அவற்றுக்கு இருக்கும் செல்வாக்கு நகரசபை உறுப்பினர்களுக்குக்கூடக் கிடையாது. ஆனாலும் பெர்பெத்துவாவின் வாளை நாய்வாள் என்று எழுதி வைத்தது அக்கிரமம்.

பெர்பெத்துவா கருவாடு விற்கிறவள். அவள் புருஷன் தியோடுலோ தென்னை ஏறிக் கள் இறக்கியவன். போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் விட்டுப்போன ஒரே சொத்து, ஸ்பானியர்களோடு சண்டை போட்ட அவன் பாட்டனின் வாள். எங்கள் பனாய் தீவில் வாள் என்றால் பிடியில் ஒரு தலை இருக்கும், எருமைக்கொம்பில் செதுக்கியது. மூக்கு மேல்நோக்கிச் சுருண்டு நாக்கும் நீட்டியிருந்தால் அது பக்குனாவா, நிலாவை விழுங்கும் கடல்பாம்பு. பெர்பெத்துவாவின் வாளில் மூக்கு இல்லை. இருந்த இடம் மொண்ணையாகக் கிடந்தது.

திருவிழாவுக்காக ஊரிலுள்ள பழைய வாள்களை நகர மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார்கள். புருஷன் பெயர் நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் அவளும் கொடுத்தாள். எந்த வாளில் எந்தத் தலை என்று முடிவுசெய்யும் பொறுப்பு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் அனக்லேட்டோவுடையது. பூதக்கண்ணாடி, கைக்குட்டை, கனத்த மௌனம் ஆகியவற்றோடு ஆராய்ந்து, அட்டையில் எழுதினார்: "தியோடுலோ குடும்பத்து வாள். நாய்த்தலை."

மறுநாள் சந்தையில் அவள் கூடையை இறக்குவதற்குள் இறால்காரி ரெமெடியோஸ் "லொள்" என்றாள்.

"என்னடி, கொழுப்பா?"

"இல்ல மனாங், ஒங்க வீட்டுப் பாஷையில வணக்கம் சொன்னேன்."

மனாங் என்றால் அக்கா. அக்கா என்ற மரியாதையோடு குரைத்தாள் என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பெர்பெத்துவா மண்டபத்துக்குப் போனாள்.

"ஏன் சார், எம் புருஷனோட பாட்டன் நாயப் புடிச்சுக்கிட்டா சண்டைக்குப் போனாரு?"

"நான் என்ன மனாங் செய்றது? மூக்கு சுருண்டிருந்தா பக்குனாவா. மொண்ணையா இருந்தா நாய். நீங்க மூக்கக் கொண்டாங்க, நான் பக்குனாவா தர்றேன்."

"மூக்க எலி கடிச்சிருச்சு சார்."

அனக்லேட்டோ எதையும் விட்டுவிடாத மனிதர். அன்று மாலையே அட்டையைத் திருத்தினார்: "நாய்த்தலை. எலி கடித்தது."

ஒரு வீரனின் குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய அவமானத்தை ஸ்பானியர்களால்கூடச் செய்ய முடிந்ததில்லை. சந்தையில் லொள்ளோடு இப்போது கீச்சும் சேர்ந்துகொண்டது.

எலி பொய். அவளுக்குக் கல்யாணமான வருடம் ஒரு கிரகணம். நிலா எழும்போதே கடிபட்டிருந்தது. பக்குனாவா பயந்து நிலாவைக் கக்க வேண்டுமே, ஊரே சட்டியையும் தட்டையும் எடுத்துத் தட்டியது. பெர்பெத்துவா தகரத்தொட்டியைத் தூக்கி வந்தாள். அடிக்கக் கட்டை அகப்படவில்லை. இறக்கிய கள்ளில் பாதியைத் தானே முடித்திருந்த தியோடுலோ, சுவரிலிருந்த வாளை உறையோடு எடுத்து, பிடியாலேயே ஓங்கி ஓங்கி அடித்தான். பக்குனாவாவைக் கொண்டே பக்குனாவாவை விரட்டியவன் இந்தத் தீவில் அவன் ஒருவன்தான். நிலா வெளியே வந்தது. மூக்கு கீழே விழுந்தது.

"யார்கிட்டயும் சொல்லிறாதடி, மானம் போயிரும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். உடைந்த மூக்கை வினிகர் சாடியின் தக்கையில் பிடியாகச் செருகிக் கொடுத்தான். அதைப் பிடித்துத்தான் அவள் இன்றும் சாடியைத் திறக்கிறாள்.

சொன்னால் புருஷன் மடையன். சொல்லாவிட்டால் பாட்டன் பிடித்தது நாய். ஒரு விதவையை இப்படி நடுவில் நிறுத்துவதற்குத்தான் நாங்கள் திருவிழா நடத்துகிறோம்.

திருவிழா அன்று காலை மண்டபம் நிரம்பியிருந்தது. பெர்பெத்துவா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து தக்கையை நீட்டினாள்.

"இந்தாங்க மூக்கு. வச்சுப் பாருங்க."

அனக்லேட்டோ பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. மண்டபம் முழுக்க வினிகர் வாடை.

"எலி கடிச்ச மூக்கு தக்கையில எப்படி வந்துச்சு மனாங்?"

ரெமெடியோஸ் கழுத்தை நீட்டினாள்.

"எலி இல்ல சார். எம் புருஷன். குடிச்சுட்டு, பக்குனாவாவ விரட்டுறேன்னு பக்குனாவா மண்டையாலேயே தகரத்த அடிச்சான். போதுமா? மடையன்னு எழுதிக்குங்க, ஒத்துக்கறேன். நாய்னு எழுதாதீங்க!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் புறாக்கள் உத்தரத்தை விட்டுப் பறந்தன. அனக்லேட்டோ உதட்டைக் கடித்துக்கொண்டு புது அட்டை எடுத்தார்: "பக்குனாவா. தியோடுலோ நிலாவை மீட்டபோது மூக்கு உடைந்தது."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"மடையன்ங்கறத விட்டுட்டீங்களே சார்?"

"அட்டையில எடம் பத்தல மனாங்."

அவள் கைக்குட்டை இல்லாத குறைக்குக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரெமெடியோஸைப் பார்த்தாள். "எங்க, இப்பக் கொரைடி பாப்போம்."

ரெமெடியோஸ் குரைக்கவில்லை. மூக்கை அன்றே வாளில் ஒட்டிவிட்டார்கள். சாடிக்கு மூடி யார் தருவது என்ற பெர்பெத்துவாவின் கேள்விக்கு மட்டும் நகரசபை இன்றுவரை பதில் சொல்லவில்லை. இதுவும் அக்கிரமம்தான்.