ஓடும் பொறியில் கழற்றிய கம்பி

என் மகளின் கணவர் பல்லடம் சாலையில் பின்னலாடைத் தொழிற்கூடம் நடத்துகிறார். அதன் பின்புறக் கொட்டகையில், துணிப்பொதிகளுக்கு நடுவே, இருவர் மட்டுமே அமரத்தக்க பழைய விரைவு மகிழுந்து ஒன்றை வைத்திருக்கிறார். உடல் ஒரு வண்டியுடையது, பொறி மற்றொன்றினுடையது, இருக்கைகள் எதனுடையவை என்பது அவருக்கே மறந்துவிட்டது. கோவைக்கு அருகிலுள்ள பந்தயத் தடத்தில் தனியாரும் தம் வண்டிகளை ஓட்டிப் பார்க்க இடமளிக்கும் நாளுண்டு. நெடுநாள் காத்திருந்து, சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றுக்கு அவருக்கு முறை கிடைத்தது. அந்த ஞாயிறுக்கு முந்திய நாள் நிகழ்ந்ததை எழுதுகிறேன்.

முறை கிடைத்த பின் வண்டியின் ஆல்டர்னேட்டர் பழுதுற்றது. பொறி சுழலும்போது மின்கலத்துக்கு மின்னூட்டும் கருவி அது. பழையதற்கு மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி தனியே இருந்தது. வெளியூரிலிருந்து அவர் வரவழைத்த புதியதில் அக்கட்டுப்பாடு உள்ளேயே அமைந்திருந்தது. கல்லூரித் தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான், மகளைக் காணச் சென்றவன், கொட்டகையில் ஒரு பொதிமேல் அமர்ந்து அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பெட்டியின் இணைப்புகளை நீக்கினார். தடித்த கம்பியை மின்கலத்துக்கும், மெல்லிய கம்பியை, மின்னூட்டம் இல்லாதபோது முகப்பில் எரியும் சிவப்பு விளக்குக்கும் கொண்டுசென்றார். பொறியை முடுக்கியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. சுமையேற்றிப் பார்ப்பதற்காக முன்விளக்குகளையும் எரியவிட்டார். மின்னழுத்த மீட்டர் பதினான்கு வோல்ட்டை ஒட்டி அசையாமல் நின்றது. வேலை முடிந்துவிட்டது. கைகளைப் பனியன் வேஸ்ட் எனும் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டு சிறுவனைப்போல் சிரித்தார்.

நான் வாளா இருந்திருக்கலாம்.

"மீட்டரை மட்டும் நம்பக் கூடாதுங்க மாப்ள," என்றேன். "எங்க பழைய கார்ல பேட்டரிக் கம்பியக் கழட்டிப் பாப்போம். இஞ்சின் நிக்காம ஓடுச்சுன்னா சார்ஜ் ஏறுதுன்னு கண்டுக்கலாம்."

"அது அந்த வண்டிக்குச் சரியா இருக்குமுங்க மாமா. இதுல கொஞ்சம் பாத்துத்தானுங்க பண்ணோணும்."

"நானே பாத்துப் பண்றனுங்க."

"டீ குடிச்சுட்டுப் பாக்கலாமுங்களா மாமா?"

எங்கள் பக்கத்தில் மாமனாரை நோக்கி மருமகன் இதைவிட வன்மையாக மறுத்துரைப்பதில்லை. நானும் என் மாமனாரிடம் இவ்வாறே மறுத்து வாழ்ந்தவன். அவர் வேண்டா என்கிறார் என்பது எனக்கு ஐயமின்றி விளங்கியது. ஆயினும் அந்தச் சொல் வாய்விட்டு வரவில்லை என்னும் வாய்ப்பைப் பற்றிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பொறியில் மின்கலத்தின் கம்பியைக் கழற்றினேன்.

முன்விளக்குகள் வெண்ணிறமாகப் பொங்கி எரிந்து, அணைந்தன. கருகிய நெடி எழுந்தது. பதறிக் கம்பியை மீண்டும் பூட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மின்கலம் அகன்றதும் மின்னழுத்தம் வரம்பின்றி எழுந்து, உள்ளிருந்த கட்டுப்பாட்டை எரித்துவிட்டது. அவர் பொறியை நிறுத்தினார்.

"பரவால்லீங்க மாமா. கையில எதும் படலீங்களே?" என்றார்.

பிறகு, மறுநாள் உடன்வரவிருந்த நண்பரைக் கைப்பேசியில் அழைத்தார். கைகளில் எண்ணெய் படிந்திருந்ததால் ஒலிபெருக்கியில் பேசினார்.

"ஆல்டர்னேட்டர் போச்சுடா. டூப்ளிகேட் பார்ட்டாட்டம் இருக்குது."

"எவன்கிட்டடா வாங்குன? உன்ற மாமனார் சீராக் குடுத்ததா?" என்று நண்பர் உரக்கச் சிரித்தார்.

மருமகன் விரைந்து அழைப்பைத் துண்டித்தார். நான் துணிப்பொதிகளின்மேல் ஒட்டியிருந்த தாள்களைப் படிப்பதுபோல் நின்றேன்.

தேநீருடன் வந்த என் மகள் நெடியை உணர்ந்தாள். என் விரல்களிலிருந்த கரியையும் கண்டாள். "ஏனுங்கப்பா, நீங்க அந்தக் கம்பியத் தொட்டீங்களா?"

"பார்ட்டே சரியில்ல," என்றார் அவர்.

"சும்மா இருங்க. ஓடுறப்ப அதத் தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்னு என்னைய மட்டும் அந்த வெரட்டு வெரட்டுனீங்க? அப்பாகிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நாந்தான் கண்ணு கழட்டுனேன்," என்றேன். "மாப்பிள்ளை வேண்டாம்னுதான் சொன்னாங்க."

"இல்லீங்க மாமா, நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே," என்றார் அவர்.

உண்மைதான். அவர் சொல்லவில்லை. என் குற்றத்தை நானே ஏற்பதற்கும் அவருடைய பணிவு இடந்தரவில்லை.

வேறொரு கருவி கிடைக்கும் வழியில்லை. மின்னூட்டமே இல்லாமல், நிறைந்த மின்கலத்தைக் கொண்டு ஓடுமட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்தார். என் மகிழுந்தின் மின்கலத்தையும் மாற்றாக எடுத்துச்செல்ல வேண்டினேன். "உங்களுக்கெதுக்குங்க சிரமம்" என்று தயங்கி, பின் ஏற்றார். பனியன் பொதிகள் ஏற்றும் டெம்போவில் ஞாயிறு விடியற்காலை வண்டியை ஏற்றினார்கள். "நீங்களும் வாங்க மாமா," என்றார். வேண்டாமுங்க என்றேன். எங்கள் வழக்கத்தில் இரண்டாம் முறையும் அழைப்பார்கள். மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுப்பார்கள். அவர் "சரிங்க மாமா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நண்பகலில், அவருடன் தடத்துக்குச் சென்றிருந்த மகள் கைப்பேசியில் அழைத்தாள். "கொஞ்ச நேரந்தானுங்கப்பா ஓடுச்சு. உங்க பேட்டரியப் போட்டும் பாத்தாங்க. வண்டி நடு ட்ராக்குல நின்னு, கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வந்தாங்க." பிறகு, "நல்லா ஓடுச்சுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு," என்றாள்.

மாலையில் அவரே வந்து என் வண்டியில் மின்கலத்தைப் பொருத்தினார். வெயிலில் கழுத்து கன்றியிருந்தது. கம்பியை முடுக்கியபடி, நிமிராமலே, "இன்னைக்கு நல்லா ஓடுச்சுங்க மாமா," என்றார்.

முன்மூடியைத் தாங்கிப் பிடித்திருந்த நான், "ரொம்ப சந்தோசமுங்க மாப்ள," என்றேன்.