இடது உனக்கு, வலது சாலிமுக்கு

ஏமன் கடற்கரையில் எங்கள் ஊரான முகல்லாவில் மீன் வாங்கும் பெண்கள் எல்லாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். முஸ்னா செவுளைப் பார்த்துவிட்டு மீன்காரனின் முகத்தையும் பார்ப்பாள். தேன்காரன் வந்தால் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசுவாள். நல்ல தேனாக இருந்தால் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டாலும் விடமாட்டாள். "தீப்பெட்டி உன்னோடதுதானே" என்பாள். தோளில் இருக்கும் வானவர்களான மலக்குகள் நன்மை தீமை எழுதும்போதுகூட, "என்ன எழுதுறீங்க, காட்டுங்க" என்று கேட்கக்கூடியவள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டுக் குழம்பு தீய்ந்தால் எனக்குத் தும்மல் வரும்.

அவள் கணவன் கராமா மரக்கலத்தில் வேலை பார்த்தான். சைஹூத், ஏடன் என்று போய் வருவான். நல்ல மனிதன், வாய் அதிகம் பேசாதவன். பேசாத மனிதனைக் கட்டிக்கொண்டால் முஸ்னாவுக்கு வேலைக்கா பஞ்சம்? ஒவ்வொரு முறை அவன் கரைக்கு வந்ததும் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். ஒரே கேள்வியைக் காலையில் ஒரு மாதிரி, அஸர் தொழுகைக்குப் பிறகு வேறு மாதிரி கேட்பாள். அவனும் ஒரே பதிலைச் சொல்வான். அதுவும் அவளுக்குச் சந்தேகம்தான். மனப்பாடம் பண்ணிவிட்டு வந்திருக்கிறானாம்.

மூன்றாவது பிள்ளை ஹூது பிறந்த வருடம் அது. பிள்ளை ஓயாமல் அழுதது. ஒருநாள் கராமா அதை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"உறங்கு உறங்கு, கரையோர நண்டே,
இடது உனக்கு, வலது சாலிமுக்கு.
சாலிம் அழுதா நீ பொறுத்துக்கோ,
நீ அழுதா சாலிம் பொறுப்பான்."

பிள்ளை உறங்கிவிட்டது. முஸ்னா விழித்துக்கொண்டாள்.

"யாரு அந்த சாலிம்?"

"எந்த சாலிம்?"

"இப்பப் பாடுனீங்களே, அந்த சாலிம்."

"பாட்டுல வர்ற பேரு முஸ்னா. சின்ன வயசுல கேட்டது, வாயில வந்துச்சு."

"மொம்பாஸாவுல அரபுல தாலாட்டுனாங்களா உங்கள? யாரு தாலாட்டுனது? உங்க சின்னம்மாவா? அவ உங்களுக்குச் சோறே ஒழுங்காப் போடலன்னு சொன்னீங்க."

கராமாவைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். தகப்பன் அவனைச் சின்னஞ்சிறு வயதில் கப்பலேற்றி ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொம்பாஸாவுக்குக் கொண்டுபோனார். அங்கே தகப்பனின் இரண்டாம் மனைவியிடம் வளர்ந்து, தகப்பன் மௌத்தான பிறகு, மீசை முளைத்து ஊர் திரும்பினான். அதற்கு முன்பு எங்கே, யார் கையில் இருந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

மறுநாள் முஸ்னா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். தேநீரைத் தொடவில்லை.

"ஃபத்தூம், அவருக்கு வேற ஊர்ல ஒரு வீடு இருக்குடி. அங்க சாலிம்னு ஒரு பையன். அந்தப் பொம்பள பாடுனத அப்படியே இங்க வந்து பாடுறாரு."

"உனக்குப் பைத்தியம்."

"நல்லாக் கேளு. வலது அவனுக்காம். என் பிள்ளைக்கு இடதாம். நல்ல கையத் தூக்கி அங்க குடுத்துட்டு, மிச்சத்த இங்க குடுக்குறாரு. அவன் அழுதா என் பிள்ளை பொறுத்துக்கணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. இன்னொருத்தி இருப்பது உண்மையானால் ஒரு நாளும் இருக்க மாட்டேன், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அதன் பிறகு அந்தப் பாட்டுக்கு ஊர் தேடும் வேலை தொடங்கியது. மாலைத் தேநீருக்குக் கூடும் பெண்களிடமெல்லாம் பாடிக் காட்டினாள். சைஹூத்காரிகள் தங்கள் ஊர்ப் பாட்டு இல்லை என்றார்கள். பக்கத்து ஊர் ஷிஹ்ர்காரி ஒருத்தி, தாலாட்டில் யாராவது பங்கு பிரிப்பார்களா, இது சொத்துத் தகராறு மாதிரி இருக்கிறது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யார் எப்போது சிரித்தாள், யார் சிரிக்காமல் இருந்தாள் என்று முஸ்னா பார்த்துக்கொண்டாள். அப்படிப் பார்த்ததில் பாவம் ஒரு சைஹூத்காரிக்கு அந்த வருடம் முழுக்க அவளிடமிருந்து சலாம் கிடைக்கவில்லை.

கடைசியில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதற்கு முன் தாயிடம் சொல்லிவிடுவோம் என்று கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். அவள் உம்மா ஷேகா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முஸ்னா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். பாட்டையும் பாடினாள்.

ஷேகாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடி கூறுகெட்டவளே, இது பகீத்தா பாட்டுடி. இதுக்கா புருஷன சந்தேகப்பட்டே?"

"யாரு பகீத்தா?"

"நம்ம பழைய தெருவுல இருந்தா, கூலிக்குப் பால் குடுக்குறவ. சாலிம் அவ பெத்த பிள்ளை. ஷிஹ்ர்லேர்ந்து ஒருத்தர் தாயில்லாப் பிள்ளை ஒண்ணக் கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. இடது மாரு கூலிப் பிள்ளைக்கு, வலது மாரு சாலிமுக்கு. அவ இட்டுக்கட்டுன பாட்டு அது. வேற எவளும் இதப் பாட முடியாது. அந்தப் பிள்ளைய அப்புறம் தகப்பன் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டாரு. அதுதான் உன் புருஷன்னு இப்பத்தான் தெரியுது."

கராமா தப்பித்தான் என்று எனக்கு உடம்பெல்லாம் லேசானது. முஸ்னா கண்ணைத் துடைத்தாள். ஆனாலும் அவள் குணம் போகுமா? "உங்களுக்கு எப்படிம்மா இவ்வளவு நல்லாத் தெரியும்?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? நீ பிறந்து எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் நினைவில்லாமக் கெடந்தேன். சாலிமும் அந்தப் பிள்ளையும் பால் மறக்குற நேரம். பகீத்தாதான் உன்னையும் தூக்கிட்டுப் போய்..."

கல் பொறுக்கிய கை அப்படியே நின்றது.

எங்கள் ஊரில் இந்தச் சட்டத்தை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்தியிடம் ஐந்து முறை வயிறாரப் பால் குடித்தால் அவள் தாய். அவளிடம் குடித்த எல்லாரும் உடன்பிறப்பு. உடன்பிறப்புக்குள் நிக்காஹ் கிடையாது. நடந்திருந்தாலும் செல்லாது, தெரிந்த கணமே பிரிந்துவிட வேண்டும். பெண் கேட்டு வந்தாலே முதலில் பாலை விசாரிப்பார்கள். மொம்பாஸாவில் வளர்ந்தவன் என்றதும், கராமாவின் பாலை விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் விசாரித்த முஸ்னாவுக்கும் தோன்றவில்லை.

பகீத்தாவும் சாலிமும் எப்போதோ அம்மையில் போய்விட்டார்கள். அந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல உலகத்தில் ஷேகா ஒருத்திதான் மிச்சம்.

முஸ்னா தன் தாயைப் பார்த்தாள். மீன்காரனைப் பார்க்கிற அதே பார்வை. எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"எத்தனை தடவைம்மா?"

ஷேகா தட்டில் இருந்த அரிசியைப் பார்த்தார்.

"நாலு."

"ஒரு வாரத்துல நாலா?"

"நாலு தடவதான். மத்ததெல்லாம் ஆட்டுப்பால். நான்தானே உன் தாய், எனக்குத் தெரியாதா?"

நினைவில்லாமல் கிடந்தவர் எண்ணியிருக்கிறார். பச்சைப்பிள்ளை ஒரு பகலிலேயே எத்தனை முறை குடிக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். முஸ்னா கேட்பாள் என்று காத்திருந்தேன். ஆட்டுப்பாலை யார் கொடுத்தது, யார் எண்ணிச் சொன்னது, யார் வீட்டு ஆடு என்று அவளுக்குக் கேட்கத் தெரியாதா?

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "நாலுதான்னு உம்மா சொல்லிட்டாங்க. வா போகலாம்" என்றாள். வழியெல்லாம் மீன் விலையைப் பற்றியே பேசினாள்.

சாலிமைப் பற்றி அவள் மறுபடி வாயெடுக்காததில் கராமாவுக்குப் பெரிய நிம்மதி. "ஒருவழியா நம்பிட்டா" என்று என் கணவரிடம் சொன்னானாம். முஸ்னா அவனுக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தாள். பாயை மட்டும் பிள்ளைகளுக்கு நடுவில் விரித்துக்கொண்டாள். ஹூதுக்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை என்று ஊர் வருத்தப்பட்டது. மருந்து சொன்னவர்கள் உண்டு. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள், யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் முன்புபோல் தேன்காரனோடு சண்டை போட்டால் நன்றாயிருக்கும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

பல வருடங்கள் கழித்து ஷேகா மௌத்தானார். நோயில் படுத்திருந்த நாளெல்லாம் முஸ்னாதான் கூடவே இருந்து பார்த்தாள். தாய்க்கும் மகளுக்கும் தனியாக இருக்க எவ்வளவோ நேரம் கிடைத்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உடலைக் குளிப்பாட்டியது நாங்கள் இருவரும்தான். நான் தண்ணீர் ஊற்றினேன், அவள் இலந்தை இலைப் பொடியைத் தேய்த்தாள். தலைமுடியை அலசிச் சடையைப் பின்னி முடித்ததும், தாயின் காதருகே குனிந்தாள்.

"நாலுதானேம்மா?" என்றாள்.

காதோரம் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்தாள். பிறகு கஃபன் துணியை எடுத்து வரச் சொன்னாள்.